வைல்டுகார்டு சான்றிதழ்: ஒரு டொமைனையும் அதன் துணை டொமைன்களையும் ஒன்றாகப் பாதுகாக்கும் முறை

ஓர் இணையதளம் முதன்மை டொமைனோடு நின்றுவிடுவது அரிது. கடைக்கு ஒன்று, உதவிப் பக்கங்களுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று துணை டொமைன்கள் சேர்ந்துகொண்டே போகும். அவை எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பின் வழியே எச்சரிக்கையின்றித் திறக்க வேண்டுமானால், ஒவ்வொன்றின் பெயரும் ஏதாவது ஒரு சான்றிதழுக்குள், அதாவது தளம் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று உலாவிக்குக் காட்டும் கோப்புக்குள், அடங்கியிருக்க வேண்டும். பெயர்களைத் தனித்தனியாக எழுதாமல் '*.எடுத்துக்காட்டு.இந்தியா' என்று நட்சத்திரக் குறியிட்டு அடக்கிவிடுவது வைல்டுகார்டு சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் வழங்குநர் 2018 மார்ச்சில் இதை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு செலவு ஒரு பொருட்டாக இல்லை. இன்று சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இந்தச் சான்றிதழைப் பெற, டொமைன் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் பதிவேடான டிஎன்எஸ்ஸை மாற்றும் அதிகாரத்தை ஒரு நிரலிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது, பெற்ற பின்பு எல்லாத் துணை டொமைன்களுக்கும் பொதுவான ஒரு தனிச்சாவியை (சான்றிதழோடு இணைந்த இரகசியக் கோப்பை) காக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மற்ற வேலைகள் எளிதானவை.

இந்த வழிகாட்டி லினக்ஸ் சர்வர், என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருள், லெட்ஸ் என்கிரிப்ட், அதிலிருந்து சான்றிதழைப் பெற்றுத் தரும் செர்ட்பாட் என்ற நிரல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

நட்சத்திரக் குறி எவற்றை உள்ளடக்கும்

சான்றிதழில் உள்ள நட்சத்திரக் குறி, இரண்டு புள்ளிகளுக்கு இடையே வரக்கூடிய ஒரே ஒரு பகுதிக்குத்தான் ஈடாகும். 'கடை.எடுத்துக்காட்டு.இந்தியா' அதில் அடங்கும், 'பழைய.கடை.எடுத்துக்காட்டு.இந்தியா' அடங்காது. முன்னால் எதுவுமே இல்லாத 'எடுத்துக்காட்டு.இந்தியா' என்ற முதன்மைப் பெயரும் அடங்காது. எனவே, சான்றிதழைக் கேட்கும்போதே முதன்மைப் பெயர் ஒன்று, நட்சத்திரப் பெயர் ஒன்று என இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டாம் அடுக்கிலும் துணை டொமைன்கள் இருந்தால் '*.கடை.எடுத்துக்காட்டு.இந்தியா' என்பதை மூன்றாவது பெயராகச் சேர்க்கலாம். அடுத்தடுத்து இரண்டு நட்சத்திரங்களை வைத்துச் சான்றிதழ் பெற முடியாது.

இங்கே பலரைத் தடுமாற வைக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரே நட்சத்திரக் குறியை நாம் மூன்று இடங்களில் எழுதுகிறோம்: சான்றிதழில், டிஎன்எஸ் பதிவில், என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில். மூன்றிலும் அது ஒரே விதமாக இயங்குவதில்லை. டிஎன்எஸ்ஸில் '*.எடுத்துக்காட்டு.இந்தியா' என்று ஒரு முகவரிப் பதிவு இருந்தால், இடையில் வேறு பதிவு ஏதும் இல்லாத நிலையில், இரண்டு மூன்று அடுக்குகள் கொண்ட பெயர்களுக்கும் அது விடை தரும். என்ஜின்எக்ஸின் 'சர்வர்_நேம்' வரியில் எழுதிய நட்சத்திரமும் அப்படியே பல அடுக்குகளை ஏற்றுக்கொள்ளும். சான்றிதழ் மட்டும் ஓர் அடுக்கோடு நின்றுவிடும். அதனால் ஒரு பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைத்து, சர்வரையும் சென்றடைந்து, உலாவியில் மட்டும் பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையோடு நிற்கக்கூடும். அப்போது சர்வர் அமைப்பைக் கிளறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தப் பெயரில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

டிஎன்எஸ் நட்சத்திரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு பெயருக்கோ அதன் கீழே உள்ள பெயருக்கோ ஏதேனும் ஒரு பதிவைத் தனியாக எழுதிவிட்டால், அந்தப் பெயருக்கு நட்சத்திரப் பதிவு பொருந்தாமல் போய்விடும். 'கடை' என்ற துணை டொமைனுக்கு மட்டும் தனிச் சான்றிதழ் பெறுவதற்காக அதன் கீழே ஒரு டெக்ஸ்ட் பதிவை (உரை மதிப்பைத் தாங்கும் டிஎன்எஸ் பதிவை) இட்டால், அதுவரை நட்சத்திரப் பதிவின் வழியாக முகவரி பெற்றுவந்த 'கடை', அந்தப் பதிவு இருக்கும் நேரம் முழுவதும் முகவரி இல்லாமல் நிற்கலாம். அத்தகைய பெயர்களுக்கு முகவரிப் பதிவையும் வெளிப்படையாக எழுதிவிடுவதே பாதுகாப்பானது.

உங்களுக்கு இது தேவையா

துணை டொமைன்கள் நான்கைந்துதான், அவற்றின் பெயர்களும் முன்பே தெரிந்தவை என்றால், வைல்டுகார்டு தேவையில்லை என்பதே என் கருத்து. லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு சான்றிதழில் 100 பெயர்கள் வரை அனுமதிக்கிறது. சர்வரில் ஒரு கோப்பை வைத்து உரிமையை நிரூபிக்கும் சாதாரண எச்டிடிபி சோதனையிலேயே அவற்றைப் பெறலாம், டிஎன்எஸ் அனுமதி எதையும் சர்வரில் வைக்க வேண்டியதில்லை. வைல்டுகார்டு பொருத்தமாக அமைவது, பயனர் பதிவு செய்தவுடன் அவர் பெயரில் ஒரு துணை டொமைன் உருவாகும் சேவைகளுக்கும், பெயர்கள் நாள்தோறும் மாறும் சோதனைச் சூழல்களுக்கும்தான். பதிவு செய்து வாங்கிய ஒரே டொமைனுக்கு வாரத்துக்கு 50 புதிய சான்றிதழ்கள் என்ற வரம்பு இருப்பதால், அத்தகைய சேவைகள் பெயருக்கொரு சான்றிதழ் என்று போனால் விரைவிலேயே முட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுவெளியில் உள்ள வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் பதியப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் ஒரு டொமைனை உள்ளிட்டு அதன் சான்றிதழ்களில் உள்ள பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். வைல்டுகார்டில் நட்சத்திரம் மட்டுமே பதிவாவதால், வெளியிடாத திட்டங்களின் துணை டொமைன் பெயர்கள் அந்த வழியில் வெளிப்படாது. இதை மட்டுமே பாதுகாப்பாக நம்பி, உள் அலுவல் தளங்களுக்குக் கடவுச்சொல் இடாமல் விட்டுவிடக் கூடாது. பெயர்கள் வெளியே வர வேறு வழிகளும் இருக்கின்றன.

நிறுவனத்தின் அடையாளத்தை விரிவாகச் சரிபார்த்து வழங்கும் ஈ.வி. வகைச் சான்றிதழில் வைல்டுகார்டு கிடையாது. அந்த வகை வேண்டுமென்றால் பெயர்களைத் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

டிஎன்எஸ்ஸில் செய்ய வேண்டிய முன்னேற்பாடு

சர்வரில் ஒரு கோப்பை வைத்து டொமைன் உரிமையை நிரூபிக்கும் முறை, அந்த ஒரு பெயரின் மீதுள்ள கட்டுப்பாட்டை மட்டுமே காட்டும். மற்ற எல்லாத் துணை டொமைன்களுக்கும் அது சான்றாகாது. சான்றிதழ் வழங்குநர்களுக்கான விதிகளும் 2021 டிசம்பர் முதல் வைல்டுகார்டுக்கு அந்த முறையை ஏற்பதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்திலிருந்தே இதற்கு டிஎன்எஸ்-01 என்ற சோதனையைக் கேட்கிறது. '_ஆக்மி-சேலஞ்ச்' என்ற சொல்லை டொமைனுக்கு முன்னால் சேர்த்து, அந்தப் பெயரில் வழங்குநர் சொல்லும் மதிப்பை ஒரு டெக்ஸ்ட் பதிவாக இட வேண்டும். வழங்குநர் உங்கள் டொமைனின் அதிகாரப்பூர்வப் பெயர்ச் சர்வர்களைப் பல இடங்களிலிருந்து கேட்டுச் சரிபார்ப்பார்.

பதிவைக் கையால் இடவும் முடியும். ஆனால் அப்படிப் பெற்ற சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படாது. 90 நாளுக்கு ஒரு முறை ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு பதிவை மாற்ற வேண்டும். அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் சான்றிதழ் காலாவதியானால், எல்லாத் துணை டொமைன்களும் ஒரே நொடியில் எச்சரிக்கைப் பக்கமாக மாறும். முறையைப் புரிந்துகொள்வதற்காக ஒரு முறை கையால் செய்து பார்ப்பது நல்லது. உண்மையான தளத்துக்கு ஏபிஐ, அதாவது நிரல்கள் பதிவுகளை மாற்றுவதற்கான இடைமுகம், உள்ள டிஎன்எஸ் சேவை வேண்டும். கிளவுட்ஃப்ளேர், அமேசான் ரூட் 53, டிஜிட்டல்ஓஷன் போன்றவற்றுக்குச் செர்ட்பாட்டில் ஆயத்தமான செருகுநிரல்கள் உள்ளன. டொமைனை எங்கே வாங்கினீர்களோ அங்கேயே டிஎன்எஸ்ஸும் இருக்க வேண்டும் என்பதில்லை; பெயர்ச் சர்வர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏபிஐக்கான டோக்கனை, அதாவது நிரலுக்குத் தரும் அணுகல் குறியீட்டை, உருவாக்கும்போது கவனம் தேவை. கணக்கு முழுவதையும் ஆளும் பொதுச் சாவியைச் சர்வரில் வைப்பது மிகப் பெரிய பிழை. அந்தச் சர்வருக்குள் நுழைந்தவர் உங்கள் அஞ்சலைத் திசைதிருப்பலாம், தளத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், உங்கள் பெயரில் புதிய சான்றிதழ்களையும் பெறலாம். கிளவுட்ஃப்ளேரில் குறிப்பிட்ட ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸைத் திருத்துவதற்கு மட்டும் அனுமதி தரும் டோக்கனை உருவாக்கலாம், அதுவே போதுமானது.

அந்த அனுமதியும் அதிகம் என்று தோன்றினால், இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. '_ஆக்மி-சேலஞ்ச்.எடுத்துக்காட்டு.இந்தியா' என்ற பெயரை, சிநேம் பதிவின் மூலம் வேறொரு டொமைனுக்குச் சுட்டிவிடலாம். வழங்குநர் அந்தச் சுட்டலைப் பின்தொடர்ந்து சென்று மதிப்பைப் படிப்பார். சர்வரில் வைக்கும் டோக்கன் அந்த இரண்டாவது டொமைனை மட்டும் மாற்றும் ஆற்றல் கொண்டதாக இருந்தால் போதும். அந்த டோக்கனைக் கொண்டு முதன்மை டொமைனின் டிஎன்எஸ்ஸை எவரும் தொட முடியாது. உங்கள் டிஎன்எஸ் சேவையில் ஏபிஐயே இல்லாவிட்டாலும் இந்த வழி பயன்படும், ஏனெனில் சிநேம் பதிவை ஒரு முறை கையால் இட்டால் போதும். ஆக்மி-டிஎன்எஸ் என்ற சிறிய மென்பொருள் இதற்காகவே எழுதப்பட்டது. பலர் பணிபுரியும் இடங்களில் இந்த அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது சிஏஏ பதிவு. உங்கள் டொமைனுக்கு எந்த வழங்குநர் சான்றிதழ் தரலாம் என்று அறிவிப்பது அது. 2017 செப்டம்பர் முதல் எல்லா வழங்குநர்களும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். இதில் 'இஷ்யூ' என்பது பொதுவான அனுமதி, 'இஷ்யூவைல்டு' என்பது வைல்டுகார்டுக்கான தனி அனுமதி. இரண்டாவது எழுதப்பட்டிருந்தால், வைல்டுகார்டு விண்ணப்பத்துக்கு முதலாவது கணக்கில் கொள்ளப்படாது. முன்பு வேறொரு வழங்குநருக்காக யாரோ 'இஷ்யூவைல்டு' எழுதிவைத்திருந்தால், சாதாரணச் சான்றிதழ் கிடைத்து வைல்டுகார்டு மட்டும் மறுக்கப்படும். விண்ணப்பிக்கும் முன் இந்தப் பதிவுகளைப் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழைப் பெறுதல்

உபுண்டு போன்ற பகிர்மானங்களில் செர்ட்பாட்டை ஸ்னாப் தொகுப்பாக நிறுவி, உங்கள் டிஎன்எஸ் சேவைக்கான செருகுநிரலையும் ஸ்னாப் தொகுப்பாகவே நிறுவ வேண்டும். செருகுநிரலை நிறுவுவதற்கு முன், செர்ட்பாட்டின் 'டிரஸ்ட்-பிளகின்-வித்-ரூட்' அமைப்பை 'ஓகே' என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் நிறுவல் மறுக்கப்படும். பிறகு டோக்கனை ஒரு தனிக் கோப்பில் எழுதி, அதை ரூட் பயனர் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 என்று அமைக்க வேண்டும். அந்தக் கோப்பை நிரல் களஞ்சியத்துக்குள் வைக்கவே கூடாது.

முதல் முயற்சியை எப்போதும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனைச் சூழலில் செய்யுங்கள். செர்ட்பாட் கட்டளையோடு 'டிரை-ரன்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அது சோதனைச் சூழலுக்கே போகும். உண்மையான சூழலில் ஒரே பெயருக்கு மணிக்கு ஐந்து தோல்விகளுக்கு மேல் ஏற்கப்படுவதில்லை. ஒரே பெயர்த் தொகுப்புக்கு வாரத்துக்கு ஐந்து சான்றிதழ்களுக்கு மேல் தரப்படுவதும் இல்லை. இந்த வரம்புகளை அடைந்துவிட்டால் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கட்டளையின் வடிவம் எளிது. செர்ட்பாட்டை 'செர்ட்ஒன்லி' என்ற துணைக் கட்டளையோடு அழைத்து, செருகுநிரலின் பெயரையும் டோக்கன் கோப்பின் இடத்தையும் தந்து, 'டி' என்ற விருப்பத்தை இரு முறை எழுதி, ஒன்றில் முதன்மைப் பெயரையும் மற்றொன்றில் நட்சத்திரப் பெயரையும் கொடுக்க வேண்டும். நட்சத்திரப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஷெல் அந்த நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களுக்கான குறியாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

முதன்மைப் பெயருக்கும் நட்சத்திரப் பெயருக்கும் சோதனைப் பதிவு ஒரே இடத்தில்தான் இடப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதாவது, ஒரே '_ஆக்மி-சேலஞ்ச்' பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு மதிப்புகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். செருகுநிரல் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கையால் செய்பவர்கள் இரண்டாவது மதிப்பு கேட்கப்படும்போது முதலாவதை அழித்துவிட்டு எழுதுவதால்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். முதலாவதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதைப் புதிய பதிவாகச் சேர்க்க வேண்டும். பதிவு எல்லாப் பெயர்ச் சர்வர்களுக்கும் போய்ச் சேர நேரம் எடுக்கும் சேவைகளில், 'புரோபகேஷன்-செகண்ட்ஸ்' என்ற விருப்பத்தை 60 அல்லது 120 நொடியாக உயர்த்தினால் போதும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' போன்ற முடிவுகளைக் கொண்ட பெயர்கள் டிஎன்எஸ்ஸுக்குள் பியூனிகோட் என்ற வடிவத்தில், அதாவது 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளுடனும் இரட்டைச் சிறுகோட்டுடனும் தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராகவே சேமிக்கப்படுகின்றன. லெட்ஸ் என்கிரிப்ட் 2016 முதல் இத்தகைய பெயர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. ஆனால் செர்ட்பாட் தமிழ் எழுத்தை நேரடியாக ஏற்காது. பெயரைப் பியூனிகோடாக மாற்றி, அதற்கு முன்னால் நட்சத்திரத்தையும் புள்ளியையும் இட்டுத் தர வேண்டும். என்ஜின்எக்ஸ் அமைப்பிலும் அதே வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

சர்வரில் நிறுவிச் சரிபார்த்தல்

செர்ட்பாட் தரும் கோப்புகளில் இரண்டே நமக்குத் தேவை. 'ஃபுல்செயின்' என்ற கோப்பில் உங்கள் சான்றிதழும் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். 'பிரைவ்கீ' என்பது தனிச்சாவி. என்ஜின்எக்ஸின் 'எஸ்எஸ்எல்_செர்டிஃபிகேட்' வரியில் முதலாவதையும், 'எஸ்எஸ்எல்_செர்டிஃபிகேட்_கீ' வரியில் இரண்டாவதையும் சுட்ட வேண்டும். 'ஃபுல்செயின்' இருக்க வேண்டிய இடத்தில் 'செர்ட்' என்ற கோப்பைச் சுட்டிவிட்டால், கணினி உலாவிகள் சிலவற்றில் தளம் திறக்கும். கைப்பேசிச் செயலிகளும் பிற சர்வர்களும் நம்பிக்கைச் சங்கிலி முழுமையாக இல்லை என்று மறுக்கும். கோப்புகளை வேறு அடைவுக்கு நகலெடுக்காமல் 'லைவ்' அடைவிலிருந்தே சுட்டுங்கள். அங்குள்ளவை உண்மைக் கோப்புகளைச் சுட்டும் இணைப்புகள்; புதுப்பித்தலின்போது அவை தாமாகவே புதிய கோப்புகளுக்கு மாறும்.

இரண்டு வரிகளையும் எச்டிடிபி பகுதியின் தலைப்பிலேயே எழுதிவிட்டால் எல்லாத் துணை டொமைன் பகுதிகளும் அவற்றைப் பெற்றுக்கொள்ளும். கூடவே, அமைப்பில் இல்லாத பெயர்களுக்கு 'டிஃபால்ட்_சர்வர்' பகுதி ஒன்றை எழுதி, அதில் இணைப்பை மறுத்துவிடுங்கள். வைல்டுகார்டு இருக்கும் தளத்தில் யாரும் உருவாக்காத பெயரும் செல்லுபடியான சான்றிதழோடு திறந்துகொள்ளும் என்பதால் இது அவசியம்.

நிறுவிய பின் உலாவியில் பூட்டுக் குறியைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஓபன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையை 'சர்வர்நேம்' விருப்பத்தோடு இயக்கி, முதன்மைப் பெயர், ஒரு துணை டொமைன், இதுவரை பயன்படுத்தாத ஒரு துணை டொமைன் ஆகிய மூன்றுக்கும் சர்வர் எந்தச் சான்றிதழைத் தருகிறது, அதில் எந்தப் பெயர்கள் உள்ளன, முடிவுத் தேதி எது என்பதைப் பாருங்கள். இணையும்போது உலாவி கேட்கும் தளப் பெயரை (எஸ்என்ஐ) பார்த்து இணைப்புகளை வெவ்வேறு சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எச்டிடிபி/2 வழியாக இணையும் உலாவி, இரண்டு துணை டொமைன்களுக்கும் ஒரே ஐபி முகவரியும் ஒரே சான்றிதழும் இருப்பதைக் கண்டால், முதலாவதற்குத் திறந்த இணைப்பிலேயே இரண்டாவதற்கான கோரிக்கையையும் அனுப்பும். அது தவறான சர்வருக்குப் போய்ச் சேரும்போது அந்தச் சர்வர் 421 என்ற விடையைத் தர வேண்டும். அப்போதுதான் உலாவி புதிய இணைப்பில் மறுபடி முயலும்.

புதுப்பித்தல்

ஸ்னாப் வழியாக நிறுவிய செர்ட்பாட் நாளுக்கு இரு முறை தானாக இயங்கி, காலம் நெருங்கிய சான்றிதழைப் புதுப்பிக்கும். ஆனால் என்ஜின்எக்ஸ் தான் தொடங்கும்போது படித்த சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டே இயங்கும். வட்டில் புதிய கோப்பு வந்திருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே 'ரினியூவல்-ஹுக்ஸ்' அடைவின் 'டிப்ளாய்' பிரிவில், என்ஜின்எக்ஸ் அமைப்பைச் சோதித்து அதை 'ரீலோட்' செய்யும் சிறு நிரல் ஒன்றை இயக்க அனுமதியோடு வைக்க வேண்டும். புதுப்பித்தல் ஒழுங்காக நடந்தும் தளம் காலாவதியாகிவிட்டது என்று வரும் முறையீடுகளுக்குப் பெரும்பாலும் இந்த நிரல் இல்லாததே காரணம்.

காலாவதி குறித்து லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சல் நினைவூட்டல் 2025 ஜூனில் நிறுத்தப்பட்டது. வெளியிலிருந்து தளத்தின் முடிவுத் தேதியைத் தினமும் பார்த்து எச்சரிக்கும் கண்காணிப்பு ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் செலுத்தி ஆண்டுச் சான்றிதழ் வாங்குபவர்களும் தானியக்கத்துக்கு மாறியே ஆக வேண்டிய நிலை வந்திருக்கிறது: 2025 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைகிறது.

தனிச்சாவியைக் காத்தல்

ஒரு துணை டொமைனின் சாவி திருடு போனால் அந்தத் துணை டொமைனோடு பாதிப்பு நிற்கும். வைல்டுகார்டின் சாவி போனால் எல்லாமே போகும். அதனால் இந்தச் சாவியை எத்தனை இடங்களில் வைத்திருக்கிறோம் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. எல்லாப் போக்குவரத்தும் ஒரே ரிவர்ஸ் பிராக்சி (மற்ற சர்வர்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சர்வர்) வழியாக வரும்படி அமைத்து, சாவியை அந்த ஒரு கணினியில் மட்டும் வைத்திருப்பது நல்லது. பல கணினிகள் தவிர்க்க முடியாதவை என்றால், ஒரே சாவியை நகலெடுத்துப் பரப்பாமல் ஒவ்வொன்றும் தனக்கெனச் சான்றிதழ் பெறுமாறு செய்யலாம். வாரத்துக்கு ஐந்து என்ற வரம்பை நினைவில் வைத்து அவற்றை வெவ்வேறு வாரங்களில் பெறுங்கள். வெளி நிறுவனம் நடத்தும் துணை டொமைனுக்கு வைல்டுகார்டு சாவியைத் தரவே கூடாது. அவர்கள் தங்கள் பெயருக்கு மட்டும் சான்றிதழ் பெற்றுக்கொள்ளட்டும்.

அஞ்சல் சர்வருக்கும் கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி சர்வருக்கும் இதே சான்றிதழைப் பொருத்துவது வசதியாகத் தோன்றும். அதைத் தவிர்க்க வேண்டும். 2021-இல் ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அல்பாகா என்ற தாக்குதல் முறை, உலாவி இணையதளத்துக்கு அனுப்பும் இணைப்பை, அதே சான்றிதழை ஏற்கும் அஞ்சல் அல்லது எஃப்டிபி சர்வருக்குத் திருப்பிவிட்டு அதன் விடையைத் தவறாகப் பயன்படுத்துவதைக் காட்டியது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் அதே ஆண்டு அக்டோபரில் வைல்டுகார்டை அளவின்றிப் பரப்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அஞ்சலுக்கு அதன் பெயர் மட்டுமே கொண்ட தனிச் சான்றிதழைப் பெற்றால் இந்த வழி பெருமளவு அடைபடும்.

சாவி கசிந்துவிட்டது என்ற ஐயம் எழுந்தால் வரிசை முக்கியம். முதலில் டிஎன்எஸ் டோக்கனை ரத்து செய்து புதியதை உருவாக்குங்கள். பழைய டோக்கன் உயிரோடு இருக்கும் வரை நுழைந்தவர் மறுபடியும் சான்றிதழ் பெற முடியும். அடுத்து, புதிய சாவியோடு புதிய சான்றிதழைப் பெற்று எல்லா இடங்களிலும் நிறுவிச் சரிபாருங்கள். அதன் பிறகே பழையதை 'ரிவோக்' கட்டளையால், சாவி கசிந்ததைக் காரணமாகக் குறிப்பிட்டு, விலக்குங்கள். கடைசியாக, வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் உங்கள் டொமைனைத் தேடி, நீங்கள் கேட்காத சான்றிதழ் ஏதேனும் இடையில் வழங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் வழங்கிய நிறுவனத்துக்குத் தெரிவித்து விலக்கச் செய்யுங்கள்.